விலையைக் குறைத்தும் சாமந்தி ஏன் போகவில்லை?

கேள்வி: தருமபுரியில் பூக்கடை வைத்திருக்கிறேன். வைகாசியில் சாமந்தி கிலோ 100 ரூபாய்க்கு நாளுக்கு 30 கிலோ போனது. ஆடியில் 80 ரூபாய்க்குக் கொடுத்தும் 20 கிலோவைத் தாண்டவில்லை. விலை குறைந்தால் தேவை கூடும் என்பது பொய்யா? எவ்வளவு சரக்கு எடுப்பது?

பதில்: பொய்யில்லை. மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்தான் அந்த விதி பலிக்கும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மாலைக்கு வாங்கியவர்கள் சந்தையிலேயே இல்லை. விலையும் விற்பனையும் சேர்ந்து இறங்கினால் தேவைக்கோடே (எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) இடப்பக்கம் நகர்ந்துவிட்டது, அதாவது எந்த விலைக்கும் முன்பைவிடக் குறைவாகவே வாங்குவார்கள் என்று பொருள். இல்லாத கல்யாணத்துக்கு யாரும் மலிவு பார்த்து மாலை வாங்கமாட்டார்கள். 80 ரூபாய்க்கு 20 கிலோ என்றால் வரவு 1,600. 100 ரூபாயிலேயே நிறுத்தி 17 கிலோ விற்றிருந்தால்கூட 1,700. 3 கிலோ கொள்முதலும் மிச்சம்.

விலை ஏறும்போதும் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஆவணி முகூர்த்தத்தில் விலையும் ஏறும், விற்பனையும் ஏறும்: தேவை கூடியிருக்கிறது, தைரியமாகச் சரக்கு எடுக்கலாம். மார்கழிப் பனியில் மல்லி விலை ஏறி, விற்பனை குறையும்: அது வரத்துக் குறைவு. அப்போது கூடுதலாக எடுத்தால் தேங்கும். பலர் கையைச் சுடுவது இங்கேதான்.

மல்லி எட்டாத விலைக்குப் போனால் தலைக்கு வைப்பவர்கள் காக்கட்டானுக்கோ கனகாம்பரத்துக்கோ மாறுவார்கள். மாற்றுப் பூவின் தேவை அப்படி அதன் விலை குறையாமலே கூடும். ஆகவே மல்லி ஏறும் நாளில் அவற்றை அதிகம் எடுங்கள். கையில் போனஸ் பணம் புரளும்போது ஒரு முழம் வாங்குபவர் இரண்டு முழம் வாங்குவதும் உண்டு. 'நாளைக்கு விலை ஏறும்' என்ற எதிர்பார்ப்பு சாமந்திக்கு முந்தைய நாளே கூட்டம் சேர்க்கும். சீக்கிரம் வாடும் மல்லிக்கு அது அவ்வளவாக எடுபடாது.

ஆடி முழுவதும் மந்தம் என்றும் எண்ணாதீர்கள். அம்மன் கோயில்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை நாட்களில் உதிரிப்பூவும் சரமும் ஓடும். மற்ற நாட்களில் கொள்முதலைக் குறைத்து, இந்த நாட்களுக்கு முந்தைய சாயங்காலம் கூட்டி எடுங்கள். நோட்டில் மாலை ஆர்டர், கோயில், வீட்டு வாடிக்கை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். விலை, கிலோ, அன்று என்ன விசேஷம் என்பதையும் குறியுங்கள். அடுத்த ஆடிக்கு எவ்வளவு எடுப்பது என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.