திங்கள் காலைக் கொடியேற்றம்: மகன் கை உயர்த்தாதது தவறா?

சகோதரி, சீனாவின் ஷென்சென் நகரப் பள்ளியில் கொடியேற்றத்தின்போது உங்கள் மகன் கை உயர்த்தாமல் நின்றான், பக்கத்துப் பையனோடு பேசினான், வகுப்பின் மதிப்பெண் குறைந்தது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கை உயர்த்தாதது தவறே அல்ல. ஐந்து விரல்களையும் சேர்த்துத் தலைக்கு மேல் உயர்த்தும் அந்த வணக்கம், சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய இளம் முன்னோடிகளுக்கு, அதாவது அங்குள்ள சிறுவர் அமைப்பின் உறுப்பினர்களுக்கு, உரியது. மற்றவர்கள் கொடியை நோக்கி நேராக நின்று, கண்ணை எடுக்காமல் பார்த்தால் போதும். 1990இல் வந்த தேசியக் கொடிச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

பேசியதுதான் சிக்கல். நாட்டுப்பண் ஒலிக்கும்போது நேராக நின்று கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்று 2017இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பண் முடிந்ததும் ஒரு மாணவரோ ஆசிரியரோ கொடியின்கீழ் உரையாற்றுவார். பிள்ளைகள் நெளிவது பெரும்பாலும் அப்போதுதான். கையில் குறிப்பேட்டோடு வரிசைகளுக்கிடையே நடக்கும், அன்று கண்காணிக்கும் பொறுப்புள்ள மாணவர்கள் அதைக் குறித்துக்கொள்வார்கள். வாரக் கடைசியில் சிறந்த வகுப்புக்குப் போகும் சுழற்கொடி அந்தக் கணக்கில்தான் கைமாறும். தோழர்களின் கோபம் அதனால்தான். அவன் வெளிநாட்டவன் என்பதால் என்று எண்ணி வருந்தாதீர்கள்.

இன்றே வகுப்பாசிரியருக்கு வீசாட் செயலியில் இரண்டு வரி எழுதுங்கள்: பேசியதற்கு வருத்தம், அடுத்த திங்கள் அவன் எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்ற கேள்வி. ஞாயிறு இரவு வீட்டிலேயே ஒருமுறை நிற்கவைத்துப் பாருங்கள். பண் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.