முகம் தெரியாது, வீடு தெரியும்

கேள்வி: சமூகவியலில் ஆய்வு செய்கிறேன். குடிசைப் பகுதிகளின் வறுமையைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளக்கப் போகிறேன். படத்தில் மனிதர்களே தெரியாததால் யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டாம் என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: இலவசமாகக் கிடைக்கும் படங்களோடு நிறுத்திக்கொண்டால் அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர் அகலம்; சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர். ஆனால் குடிசைகளை ஆராய்பவர்கள் அதோடு நிற்பதில்லை. விலைக்கு வாங்கும் படங்களில் ஒரு பிக்சல் 30 சென்டிமீட்டர்தான். கூரை ஓலையா தகரமா, வாசலில் வண்டி நிற்கிறதா என்பது வரை தெரிந்துவிடும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்பில் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்தோம். நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. பெயர்களை நீக்கிவிட்டேன், அதுவே போதும் என்று நினைத்தேன். ஜிபிஎஸ் புள்ளிகளை மட்டும் அப்படியே படத்தின் மேல் பதித்து, பத்திரம் இல்லாத வீடுகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து ஒரு கருத்தரங்கில் காட்டினேன். எங்களோடு கணக்கெடுக்க வந்த பெண் அன்று பின்வரிசையில் இருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "கிணற்றுப் பக்கத்துச் சிவப்புப் புள்ளி, நமக்குத் தண்ணீர் கொடுத்த அம்மா வீடுதானே?" என்று கேட்டார். இடிக்க வருபவர்களுக்கு அதைவிட வசதியான பட்டியல் வேண்டுமா? கோப்பை அன்றே அழித்தேன். ஆனால் அரங்கில் கொடுத்த அச்சுப் பிரதிகளில் சில திரும்பி வரவே இல்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது.

ஆபத்து படத்தில் மட்டும் இல்லை, படத்தோடு நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. தொலையுணர்வு, அதாவது விண்ணிலிருந்து பூமியைப் படமெடுப்பது, பற்றி ஐ.நா. 1986-இல் வகுத்த கொள்கைகள் நாடுகளின் உரிமையைப் பேசுகின்றன: படமெடுக்கப்பட்ட நாட்டுக்கு அந்தத் தரவு நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்கின்றன. கூரைக்குக் கீழே இருப்பவரை நினைக்க வேண்டியது நீங்களும் நானும்தான்.

அதனால் வீட்டின் சரியான இடத்தைக் காட்டாமல் புள்ளிகளைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அப்படி நகர்த்தினால் ஆய்வு கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். டிஎச்எஸ் என்ற மக்கள்தொகை, உடல்நல ஆய்வுகளில் தனி வீட்டின் இருப்பிடத்தை வெளியிடுவதே இல்லை. வீட்டுத் தொகுதியின் மையப் புள்ளியைக்கூட நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை தள்ளி வைக்கிறார்கள். கிராமப் புள்ளிகளில் 1 சதவீதத்தை 10 கிலோமீட்டர் வரைகூட நகர்த்துகிறார்கள். 2016-இல் நைஜீரியா, உகாண்டா உள்ளிட்ட 5 ஆப்பிரிக்க நாடுகளின் வறுமையைப் படங்களிலிருந்து கணித்த ஆய்வு இப்படி நகர்த்திய புள்ளிகளைக் கொண்டே நடந்தது.

அப்புறம், வெளியிடுவதற்கு முன் வரைபடத்தை அந்தக் குடியிருப்புக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். சிலர் தங்கள் வீட்டை வரைபடத்திலிருந்து நீக்கச் சொல்வார்கள். சிலர் குழாய் இணைப்பு கேட்க ஆதாரமாக இருக்கட்டும் என்று கண்டிப்பாக வைக்கச் சொல்வார்கள். இரண்டையும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: இரவு வெளிச்சப் படங்களை வைத்து ஏழைகளைக் கண்டுபிடித்து நிவாரணம் கொடுக்கலாமா?

பதில்: ஒரு நாடு வளர்கிறதா என்று பார்க்க இரவு வெளிச்சம் உதவும். தெரு அளவில் நம்பாதீர்கள். எண்ணெய் வயலில் எரியும் வாயுவும் நகரம் மாதிரி ஒளிரும். மின்சாரம் இல்லாத இரண்டு ஊர்களில் எது கூடுதலாகக் கஷ்டப்படுகிறது என்று அது சொல்லாது, இரண்டுமே இருட்டுதான். மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் 2020-இல் கொரோனா உதவிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் பகல் நேரப் படங்களையும் கைபேசிப் பதிவுகளையும் பயன்படுத்தினார்கள். வேகமாகப் பணம் போய்ச் சேர்ந்தது, நல்லதுதான். ஆனால் கைபேசி எண் இல்லாதவர் அதில் பதிவுசெய்யவே முடியாது. இப்படி ஒரு திட்டம் வந்தால், விடுபட்டவர் போய் முறையிட ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பேன்.