“பெரிய விஷயமில்லை” என்று சொன்னது யார்?

கேள்வி: வயது 36. பதினொரு வருடமாகச் சென்னையில் மேடை ஒளியமைப்பாளராக இருக்கிறேன். அரங்கேற்றம், நாட்டிய நாடகம், அவ்வப்போது நவீன நாடகம். ஒரு நாட்டிய ஆசிரியையின் நிகழ்ச்சிகள் எல்லாமே எனக்குத்தான் வரும். அவர் எனக்கு அம்மா மாதிரி, அதனால் பணம் கேட்க வாய் வருவதில்லை. நாலைந்து மாதம் கழித்துக் கொடுப்பார், சில சமயம் மறந்தேபோவார். போன வருடம் சொந்தமாக இரண்டு மூவிங் ஹெட் விளக்குகள் (மோட்டாரில் தானே திரும்பி வெளிச்சம் அடிப்பவை) வாங்கினேன். அதற்காக மனைவியின் வளையல்கள் அடகில் இருக்கின்றன, அது பெரிய விஷயமில்லை, மீட்டுவிடலாம். அவளும் முன்பு போல இல்லை, கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட்டால் கூட்டம் பிடிக்கவில்லை என்கிறாள். கார்ப்பரேட் நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு கம்பெனி மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. நானோ கல்கத்தா மேடை ஒளியமைப்பாளர் தபஸ் சென் மாதிரி வர ஆசைப்பட்டவன். கலையா, சம்பளமா?
- பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

பதில்: கலையா சம்பளமா என்பதை அப்புறம் பார்க்கலாம். வளையல் ஒரு வரியில் வருகிறது. மனைவி விசேஷங்களுக்கு வராதது அதற்கு அடுத்த வரியில் வருகிறது. அடுத்தடுத்து எழுதியும் உங்களுக்கு உறைக்கவில்லையே, தம்பி! பந்தியில் பக்கத்தில் உட்காரும் சித்தியும் பெரியம்மாவும் முதலில் பார்ப்பது கையைத்தான். “வளையல் எங்கேடி?” என்பார்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்ற அந்தப் பெண் கண்டுபிடித்த பொய்தான் ‘கூட்டம் பிடிக்கவில்லை’.

‘பெரிய விஷயமில்லை’ என்று அவள் சொன்னாளா, நீங்களே சொல்லிக்கொண்டீர்களா? என் அம்மாவின் வளையல்களும் ‘அடுத்த மாசம் மீட்டுடலாம்’ என்றுதான் வீட்டைவிட்டுப் போயின. கடைசிவரை கண்ணாடி வளையல், அது உடைந்தால் ரப்பர் வளையல். அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

அரங்கேற்றத்துக்குச் செலவு செய்வது ஆடுகிற பெண்ணைப் பெற்றவர்கள். ஹால், பக்கவாத்தியம், மேக்கப், பட்டு, வீடியோ, சாப்பாடு, எல்லாம் அவர்கள் கணக்கு. மங்களம் முடிந்ததும் மிருதங்கக்காரரை மேடையிலேயே நிறுத்திப் பொன்னாடை போர்த்தி, தாம்பூலத் தட்டில் கவர் வைத்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பின்னால் கேபிள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். அவரிடம் ‘அஞ்சு மாசம் கழித்துத் தருகிறோம்’ என்று சொல்லிப் பார்க்கட்டும், அடுத்த முறை தேதி கொடுப்பாரா? உங்களிடம் மட்டும் சொல்லலாம். யார் வீட்டுப் பெண்ணோ சலங்கை கட்டி ஆட, அடகுக் கடைக்கு வட்டி போவது உங்கள் வீட்டிலிருந்து.

அம்மா மாதிரியாம். அம்மாவாக இருந்தால் நீங்கள் வாய் திறக்கும் முன்பே “வளையலை மீட்டியாடா?” என்று கேட்டிருப்பார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கேட்காதவனுக்கு யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து குடும்பம் என்பது ரேஷன் கார்டில் பெயர் இருப்பவர்கள்.

அது சரி, பரதநாட்டியத்துக்கு மூவிங் ஹெட் எதற்கு? பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது, பாட்டு அடங்கித் தம்புரா மட்டும் கேட்கிற நேரத்தில், தலைக்கு மேலே அந்த விளக்கின் ஃபேன் உய்யென்று இரைந்துகொண்டிருக்கும். முகத்துக்கு முன்னாலிருந்து மென்மையாகப் பரவும் நாலு ஃப்ரெனல் விளக்கு, காலும் கையும் உருண்டு தெரியப் பக்கவாட்டில் வெளிச்சம், பின்னாலிருந்து கொஞ்சம். பச்சைப் பட்டின் மேல் சிவப்பு ஜெல் (விளக்கின் முன் வைக்கும் வண்ணத் தாள்) போட்டு அடித்து அதைக் கறுப்பாக்கிவிடாத கண் ஒன்றும் வேண்டும். கண்ணைத் தவிர எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

தபஸ் சென் பெயரை எழுதியிருக்கிறீர்கள். 1959-இல் கல்கத்தா மினர்வா தியேட்டரில், உத்பல் தத்தின் நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறித் தொழிலாளர்கள் மூழ்குவதை ஜனங்கள் மூச்சுப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த வெள்ளத்தை அவர் வெளிச்சத்தால் செய்தார். எல்இடி கிடையாது. விளக்குகளைக் கட்டுப்படுத்த நீங்கள் தினமும் கேபிள் செருகுகிற டிஎம்எக்ஸ் முறை வந்ததே 1986-இல். அவரைப் போல வருவதற்கு வளையலை அடகு வைத்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த இரண்டு விளக்குகளையும் விற்றுவிடுங்கள். நஷ்டம் வரும், வரட்டும். நகைக் கடனில் தவணை தாண்டினால் ஏல நோட்டீஸ் வரும். பகலில் வீட்டில் இருப்பது அவள், தபால்காரர் அதை அவள் கையில்தான் கொடுப்பார். அடுத்த அரங்கேற்றத்துக்கு விளக்கு வாடகை, வண்டி, ஏணி ஏறுகிற பையன்களின் கூலி, உங்கள் ஊதியம், எல்லாவற்றையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். ஆசிரியையிடம் சொல்லிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் நேராகக் கொடுங்கள். பாதிப் பணம் கைக்கு வந்த பிறகு ஏணி வண்டியில் ஏறட்டும். (அந்தப் பையன்களுக்கு அன்றன்றே கூலி கொடுக்கிறீர்களா? கடிதத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.)

கம்பெனி வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. லோகோ மேல் நீல வெளிச்சம் அடிப்பதும் உழைப்புதான். ஆனால் இங்கே பணம் கேட்க வராத வாய் அங்கே சம்பள உயர்வு கேட்க மட்டும் வந்துவிடுமா? வளையலை மீட்டு அவள் கையில் போடுங்கள். அடுத்து வருகிற கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு எழுதினால் கலையா சம்பளமா என்பதற்குப் பதில் போடுகிறேன்.