திட்ட மதிப்பீட்டில் புதியவர் என்றால் யார்? விருதுகளைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

தொண்டு நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் கண்காணிப்பு, மதிப்பீட்டுப் பணி செய்துவிட்டு, இப்போது கனடாவில் முதுகலை படிக்க வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திட்ட மதிப்பீட்டுத் துறையில் மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் விருதுகள் உண்டா, படிப்பு அனுமதியில் இருப்பவர் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாமா, கிடைத்தால்தான் வேலை தேடும்போது என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே கேள்விகளோடு இங்கு வந்து, சிலவற்றுக்கு விடை தெரிந்துகொள்வதற்குள் சில வாய்ப்புகளையும் நழுவவிட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இங்குள்ள நம்மவரிடம் மதிப்பீட்டுத் துறை என்று சொன்னால், குடியேற்ற விண்ணப்பத்துக்காக வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோட்டுச் சான்று தரும் வேலை என்றே பலர் நினைத்துக்கொள்வார்கள். என் மாமனாரைப் பொறுத்தவரை நான் இன்றைக்கும் பட்டம் சரிபார்க்கும் அலுவலகத்தில்தான் இருக்கிறேன். நீங்கள் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போகும்போதும் இந்தக் குழப்பம் கூடவே வரும்; ஆகவே அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் திட்டங்கள் பயன் தருகின்றனவா என்று ஆராயும் துறை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘புதியவர்’ என்ற சொல்லில் இருக்கிறது. விருது அறிவிப்புகளில் புதியவர் என்று வந்தால் அது நாட்டுக்குப் புதியவரைக் குறிப்பதில்லை, தொழிலுக்குப் புதியவரைத்தான் குறிக்கிறது. அதையும் ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது. 1986இல் இரண்டு பழைய அமைப்புகள் இணைந்து உருவான அமெரிக்க மதிப்பீட்டுச் சங்கம், நம்பிக்கையூட்டும் புதிய மதிப்பீட்டாளருக்கென ஒரு விருது வைத்திருக்கிறது. 1977இல் மறைந்த சமூக உளவியலாளர் மார்சியா குட்டென்டாக்கின் பெயரில் அமைந்த அந்த விருது, முதுகலை அல்லது முனைவர் பட்டம் முடித்த பின்வரும் முதல் ஐந்தாண்டுகளைக் கணக்கில் எடுக்கிறது. வேலையில் எத்தனை ஆண்டு இருந்தோம் என்பது அங்கே அளவுகோல் இல்லை. உங்களிடம் இருப்பது இளங்கலைப் பட்டம் மட்டும் என்பதால், உங்கள் ஆறு ஆண்டு அனுபவம் அப்படியே இருக்க, ஐந்தாண்டுக் கணக்கோ இன்னும் தொடங்கவே இல்லை. அனுபவம் இருப்பதால் நாம் புதியவராக மாட்டோம் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு ஒதுங்கிவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலப் பாதி வாழ்க்கையை வேறொரு நாட்டில் விட்டு வந்தவர்கள்.

படிப்புச் செலவுக்கான பெருந்தொகைகள் வேறு வகை. அவை மதிப்பீட்டுத் துறைக்கென்று வைக்கப்பட்டவை அல்ல, ஆயினும் நம் துறை மாணவர்கள் பலரும் அவற்றை நம்பித்தான் படிக்கிறார்கள். மத்திய அரசின் முதுகலை ஆய்வு உதவித்தொகை இப்போது ஆண்டுக்கு 27,000 டாலர். அதற்குக் குடியுரிமையோ, நிரந்தர வதிவுரிமையோ, பாதுகாக்கப்பட்ட அகதி என்ற தகுதியோ வேண்டும். ஒன்டாரியோ பட்டமேற்படிப்பு உதவித்தொகை ஒரு பருவத்துக்கு 5,000 டாலர் வீதம் மூன்று பருவத்துக்கு 15,000 டாலர் தருகிறது; அதில் படிப்பு அனுமதியில் உள்ளவர்களுக்கும் குறைந்த எண்ணிக்கையில் இடமுண்டு. நான் செய்த தவறு, தொகையை முதலில் படித்துத் தகுதியைக் கடைசியில் படித்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் உள்விருதுக்காக இரண்டு வாரம் கட்டுரை எழுதி, பேராசிரியர் ஒருவரைப் பரிந்துரைக் கடிதமும் எழுத வைத்த பிறகுதான், நிரந்தர வதிவாளர் என்ற சொல் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்ததைக் கண்டேன். பணம் போனதைவிட, அந்தப் பேராசிரியரிடம் போய் அதைச் சொன்ன ஐந்து நிமிடம்தான் இன்னும் உறுத்துகிறது.

இனி, உங்களுக்கு நான் முதலாவதாகப் பரிந்துரைப்பது. 1981இல் தொடங்கிய கனடிய மதிப்பீட்டுச் சங்கம், 1996 முதல் மாணவர்களுக்கான மதிப்பீட்டு வழக்குப் போட்டி ஒன்றை நடத்தி வருகிறது. வழக்கு என்றால் இங்கே நீதிமன்ற வழக்கு இல்லை, ஆராய்வதற்காகக் கொடுக்கப்படும் ஒரு திட்டத்தின் விவரம். இதில் தனி ஆளாகப் போட்டியிட முடியாது. குழுவாகத்தான் சேர வேண்டும். முதற்சுற்றில் ஒவ்வொரு குழுவும் தன் ஊரிலேயே இருந்தபடி, ஒரு திட்டத்தைப் பற்றிய ஆவணத்தைப் பெற்று, அதே நாளில் சில மணி நேரத்துக்குள் அதை எப்படி மதிப்பிடுவோம் என்று எழுதி அனுப்ப வேண்டும். தேர்வாகும் மூன்று குழுக்கள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் புதிய வழக்கு ஒன்றைப் பெற்று, நடுவர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் முன்னால் அதை எப்படி மதிப்பிடுவோம் என்று விளக்க வேண்டும். உங்கள் வதிவு நிலையைவிட, நீங்கள் பதிவு செய்த மாணவர் என்பதுதான் இங்கே நுழைவுச்சீட்டு.

என் குழுவில் நால்வர். ஒரு சனிக்கிழமை காலை, நிலவறையில் இருந்த ஒரு கருத்தரங்க அறையில் உட்கார்ந்திருந்தோம். வந்த வழக்கு, வீடற்ற இளைஞர்களுக்கான இரவுத் தங்குமிடம் ஒன்றைப் பற்றியது. நான் புள்ளியியல் படித்த பெருமையில் எழுந்து, பலகையின் பாதியை நிரப்பும்படி ஓர் ஒப்பீட்டுக் குழு வடிவமைப்பை வரைந்தேன்: சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பேருக்குச் சேவை, மறு பாதிக்கு இல்லை. தங்குமிடம் ஒன்றில் பகுதிநேரமாக வேலை செய்துவந்த தோழி ஒருத்தி சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, “மைனஸ் இருபதில் கதவைத் தட்டுபவனிடம், தம்பி, நீ ஒப்பீட்டுக் குழு, போய்விட்டு வா என்று யார் சொல்வது, நீங்களா?” என்று கேட்டாள். பலகையைத் துடைத்தேன். மிச்சம் இருந்த நேரத்தில் லாஜிக் மாடலை, அதாவது திட்டத்தின் எந்தச் செயல் எந்தப் பலனுக்கு இட்டுச்செல்லும் என்று காட்டும் வரைபடத்தை, மறுபடி வரைந்து, இந்த மதிப்பீட்டின் முடிவை யார் எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, கேள்வி, குறியீடு (பலன் கிடைத்ததா என்று அளந்து காட்டும் அடையாளம்), தரவு மூலம், தரவு சேகரிக்கும் முறை என நான்கு நிரல்கள் கொண்ட மதிப்பீட்டு அட்டவணையைக் கட்டினோம். கடைசி எட்டு நிமிடத்தில் பக்க எண்கள் போட்டு அனுப்பினோம்.

இறுதிச் சுற்றுக்கு நாங்கள் தேர்வாகவில்லை. ஆனால் நடுவர்களின் குறிப்புகள் வந்தன. கேள்விகள் தெளிவாக உள்ளன, குறியீடுகள் தேவைக்கு மேல் உள்ளன, ஆங்கிலம் பேசாத இளைஞர்களை நேர்காணல் செய்ய மொழிபெயர்ப்பாளருக்கு நேரமோ பணமோ ஒதுக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது குறிப்பைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அந்த அறையில் வேற்றுமொழியில் பிறந்து வளர்ந்தவன் நான் ஒருவன்தான். அடுத்த ஆண்டு ஓர் ஆலோசனை நிறுவனத்தின் நேர்காணலுக்கு அந்த அட்டவணையை எடுத்துப் போனேன். நேர்கண்டவர் என் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “இதில் எந்த வரிகளை இன்று அடிப்பீர்கள்?” என்றார். ஏழு வரிகளை அடித்துக் காட்டி, மொழிபெயர்ப்புக்கு ஒரு வரி சேர்த்தேன். அங்கேதான் என் முதல் வேலை.

ஆகவே பயன் உண்டா என்ற கேள்விக்கு என் பதில் இது: நம் துறையில் விருதுத் தொகை பெரும்பாலும் சிறியது, வேலைக்கு எடுப்பவர் ஒருவர் உங்கள் எழுத்தைப் படிக்கும் வாய்ப்புதான் பெரியது. ஊரில் உங்கள் அறிக்கைகளைப் படித்தவர்கள் யாரும் இங்கே இல்லை. அவற்றின் தரத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. நடுவர் குறிப்பு தரும் போட்டியைத் தேடுங்கள். பெயரை மட்டும் அறிவித்துவிட்டு முடிந்துபோகும் விருதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால், 1986 முதல் வெளிவரும் கனடியத் திட்ட மதிப்பீட்டு இதழுக்கு ஒரு நூல் மதிப்புரை எழுதிப் பார்க்கவும் சொல்வேன். மாணவர் ஒருவர் எட்டக்கூடிய வேலை அது. ஆசிரியர் குழுவின் திருத்தங்களோடு திரும்பி வரும் பிரதியே ஒரு பாடம்.

கனடிய மதிப்பீட்டுச் சங்கத்தின் சான்றுபெற்ற மதிப்பீட்டாளர் தகுதியை விருது என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது விருது இல்லை, விண்ணப்பித்துப் பெறும் தொழில் தகுதி. பட்டமேற்படிப்பு அளவிலான கல்வியும், கடந்த பத்தாண்டுக்குள் இரண்டு ஆண்டு முழுநேர அளவிலான மதிப்பீட்டுப் பணியும் வேண்டும். ஐந்து பிரிவுகளாக வகுக்கப்பட்ட தொழில் திறன்களில், ஒவ்வொரு பிரிவிலும் எழுபது விழுக்காட்டையாவது உங்கள் கல்வி, அனுபவத்தைக் கொண்டு விளக்கி எழுத வேண்டும். படிப்பு முடிந்த கையோடு செய்யவேண்டியது அது. இப்போதைக்கு அந்தத் திறன்களின் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்த்து, பழைய பணிகளின் தேதிகளையும் மேலாளர்களின் முகவரிகளையும் மறக்கும் முன் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்துறையின் வேலைகளில் பெரும் பங்கு மத்திய அரசில், ஒட்டாவாவில் இருக்கிறது. 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, மத்திய அரசின் செலவையும் நிர்வாகத்தையும் மேற்பார்க்கும் கருவூல வாரியத்தின் கொள்கை, அரசுத் துறைகள் தம் திட்டங்களின் பலனை அளந்து காட்ட வேண்டும் என்கிறது. ஆனால் மத்திய அரசின் வெளி ஆளெடுப்பில் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் முன்னுரிமை உண்டு. போட்டியில் கோப்பையே வாங்கினாலும் இந்த வரிசை மாறாது. எனவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஆலோசனை நிறுவனங்கள், மருத்துவமனைகள், பெரிய தொண்டு அமைப்புகள் ஆகியவற்றை நோக்கி விண்ணப்பியுங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

பணமாக ஏதாவது கிடைத்தால், அடுத்த பிப்ரவரியில் டி4ஏ என்ற வரிச் சீட்டு வரும். உதவித்தொகையும் பரிசும் அதன் 105ஆம் கட்டத்தில் இருக்கும். தகுதியுள்ள முழுநேர மாணவரின் உதவித்தொகைக்குப் பொதுவாக வரி இராது, ஆனாலும் சீட்டை வைத்திருங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் மூன்று வாரம் முன்னதாகக் கேளுங்கள். கேட்கும்போதே விருதின் தகுதி விதியை அடிக்கோடிட்டு அனுப்பிவிடுங்கள், என் கதை உங்களுக்கு நேராது. பழைய நிறுவனத்தில் எழுதிய அறிக்கையை எழுத்து மாதிரியாகத் தரப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதை அனுப்புமுன் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பயனாளிகளின் பெயரோடு கிராமத்தின் பெயரையும் நீக்குங்கள். நாற்பது வீடுகள் உள்ள இடத்தில் “கணவனை இழந்த ஆசிரியை” என்று எழுதினாலே அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இங்குள்ள நடுவர்கள் அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.