லேத் கப்பலேறும் முன்: வாசகர் கேள்வி–பதில்

பட்டறை இயந்திரங்களைக் கடல் கடந்து அனுப்புவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்கள்.

கேள்வி: 1,100 கிலோ லேத் ஒன்றைக் கப்பலில் அனுப்ப சரக்கை அனுப்பித் தரும் இரண்டு ஃபார்வர்டர்களிடம் விலை கேட்டேன். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதில் பாதிகூட இல்லை. மலிவானவரிடமே கொடுத்துவிடலாமா?

கொடுக்கும் முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: இறங்கும் துறைமுகத்தில் சரக்கைப் பெறுபவர் என்னென்ன கட்ட வேண்டும், எழுத்தில் தர முடியுமா? பல பேருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறையில் பழைய தந்திரம் ஒன்று உண்டு. கடல் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குச் சொல்லிச் சரக்கைப் பிடிப்பார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் டெர்மினல் கட்டணம், கன்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், கிடங்கு வாடகை, டெலிவரி ஆர்டர் என்று ஒவ்வொன்றாக முளைக்கும். அப்போது சரக்கு அவர்கள் கையில் இருக்கும், பேரம் பேச முடியாது. வாசலிலிருந்து வாசல் வரையான மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது, எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பது. எல்.சி.எல். கட்டணம் கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்கு. உங்கள் லேத்தை 2.2 × 1.0 × 1.6 மீட்டர் பெட்டியில் வைத்தால் 3.52 கன மீட்டர். எடை 1.1 டன்தான், ஆனால் பில் 3.52-க்கு வரும். அதாவது இரும்பைவிடப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குத்தான் அதிகம் கட்டுகிறீர்கள். மேலே துருத்தி நிற்கும் விளக்கு, சக் கார்டு, பின்பக்கத் தகரம் ஆகியவற்றைக் கழற்றி உயரத்தை 1.35 மீட்டராக்கினால் 2.97 கன மீட்டர். அரை மணி நேர ஸ்பேனர் வேலையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மிச்சம். விமானத்தில் கணக்கு வேறு: அங்கே 1 கன மீட்டரை 167 கிலோவாக எடுப்பார்கள். உங்கள் பெட்டி 588 கிலோதான் வரும், ஆகவே 1,100 கிலோ எடைக்கே பில். அவசரமாக வேண்டிய ஸ்பிண்டில் பேரிங்கையோ கன்ட்ரோல் போர்டையோ விமானத்தில் அனுப்பலாம், லேத்தை அனுப்பினால் கட்டுப்படியாகாது.

முழுக் கன்டெய்னர் எடுப்பது சுமார் 13–15 கன மீட்டருக்கு மேல் போனால்தான் லாபம் என்பது பொதுக் கணக்கு. இயந்திரங்களுக்கு அதற்கு முன்பே அதை யோசிக்கலாம் என்பது எங்கள் கருத்து. எல்.சி.எல்.லில் உங்கள் லேத்தைத் தூக்கி இறக்குவது எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள்: பட்டறையில் லாரிக்கு, லாரியிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து கன்டெய்னருக்கு, அந்தப் பக்கம் இதே மூன்று. ஆறில் நான்கு உங்கள் கண்ணில் படாது. முழுக் கன்டெய்னரில் உங்கள் வாசலில் ஒருமுறை, அங்கே ஒருமுறை, அவ்வளவுதான். லேத் உடைவது நடுக்கடலில் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஃபோர்க்லிஃப்டில்தான் உடைகிறது.

கேள்வி: லேத்தை எப்படிப் பேக் செய்வது? மரப்பெட்டி அடிப்பவர் "எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்.

பெட்டியை அவர் பார்த்துக்கொள்ளட்டும். இயந்திரத்தை நீங்கள் பாருங்கள், அவருக்கு அது வெறும் பாரம்.

முதல் வேலை, உள்ளே அசைவதையெல்லாம் அசையாமல் செய்வது. கத்தியைத் தாங்கி நகரும் கேரேஜையும், எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கையும் பெட்டின் (லேத்தின் நீண்ட அடிவார்ப்பின்) கடைக்கோடிக்குத் தள்ளுங்கள். ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கத்துப் பாரத்தை அது ஓரளவு ஈடுகட்டும். கேரேஜை அதன் பூட்டுப் போல்ட்டால் இறுக்குங்கள், ஹாஃப் நட்டை நம்பி விடாதீர்கள். கீல் தகட்டில் தொங்கும் மோட்டாருக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். கொடுக்காவிட்டால் வழியெல்லாம் ஆடி ஆடிக் கீல் இருக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விடும். வெளியே நீட்டும் கைப்பிடிகளைக் கழற்றி, பெயர் எழுதி, தனிப் பெட்டியில் போடுங்கள்.

ஸ்பிண்டில் முனையில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கையும் (chuck) கழற்றிவிடுங்கள். சுழலாமல் நிற்கும் ஸ்பிண்டிலில் பாரம் தொங்கிக்கொண்டு வாரக்கணக்கில் அதிர்ந்தால், பேரிங்கில் ஒவ்வொரு உருளையும் தொடும் இடத்தில் எண்ணெய்ப் படலம் விலகிச் சிறு பள்ளம் விழும். ஊரில் போய் ஓட்டும்போது ஸ்பிண்டில் கரகரக்கும். மோட்டார் பெல்ட்டையும் தளர்த்திவிடுவது இதே காரணத்துக்காக.

கியர் ஆயிலையும் கூலன்ட்டையும் முழுக்க வடித்துவிட்டு, மெயின் சுவிட்சிலேயே "எண்ணெய் இல்லை, ஓட்டாதே" என்று அட்டை கட்டுங்கள். பெட்டியைப் பிரித்த உற்சாகத்தில் சுவிட்சைத் தட்டிப் பார்க்காதவர் யார்?

அடித்தளம்: நீளவாக்கில் 100 × 150 மி.மீ. மரக்கட்டைகள் இரண்டு, குறுக்கே கட்டைகள், ஃபோர்க் நுழையக் குறைந்தது 100 மி.மீ. இடைவெளி. இயந்திரத்தின் கால் துளைகள் வழியாகக் கட்டையை ஊடுருவும் போல்ட் போட வேண்டும். அடியில் அகலமான தகட்டு வாஷர், லாக் நட். ஆணியோ மர ஸ்க்ரூவோ வேண்டாம். கடல் கொந்தளித்தால் பக்கவாட்டில் எடையின் 0.8 பங்கு வரை தள்ளுவிசை வரும் என்று கொண்டே சரக்கைக் கட்டச் சொல்கிறது, கன்டெய்னரில் சரக்கு ஏற்றுவதற்கான சர்வதேச வழிகாட்டி நெறி சி.டி.யு. கோட். உங்கள் லேத்துக்கு அது 880 கிலோ. அதுவும் ஒருமுறை தள்ளிவிட்டு நிற்காது, இரவெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். போல்ட்டை முறுக்கும் முன் கால்களுக்கு அடியில் ஷிம் வைத்து இடைவெளி இல்லாமல் செய்யுங்கள். மேடுபள்ளமான மரத்தில் அப்படியே முறுக்கினால் பெட் முறுக்கிக்கொள்ளும்.

பெல்ட் கட்டுவதானால் பெட் வார்ப்பின் மீது மட்டும். லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு இவற்றின் மேல் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கி வளைத்துவிட்ட லேத்துகள் ஏராளம்.

கடைசியில் சோதனையாக ஓர் அங்குலம் தூக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் ஃபோர்க் வைத்தால் சாயாமல் எழுகிறதோ, அதுதான் பாரத்தின் மையம். லேத்தில் அது பெட்டியின் நடுவில் இருக்காது, ஹெட்ஸ்டாக் பக்கம் தள்ளியிருக்கும். பெட்டியின் இரு பக்கமும் அந்த இடத்தில் பெரிய குறி போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத டிரைவரும் சரியாகத் தூக்கினால்தான் பேக்கிங் சரி.

கேள்வி: உயரமான டரட் மில்லிங் மெஷினுக்கும் இதேதானா?

அதில் பயம் வேறு, குடை சாய்வது. டேபிளை நடுவுக்குக் கொண்டு வந்து பூட்டி, ராமைப் பின்னுக்குத் தள்ளி, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள். உயரமும் குறையும், பாரமும் கீழே இறங்கும். ஹெட் போல்ட்டுகளைத் தளர்த்தும்போது கவனம்: முழுதாகத் தளர்த்தினால் ஹெட் ஒரே வீச்சாகச் சுழன்று கையை நசுக்கிவிடும். கொஞ்சம் மட்டும் தளர்த்தி, திருப்பும் வார்ம் திருகாலேயே சுற்றுங்கள். பிறகு டேபிளைத் தாங்கி ஏறி இறங்கும் நீயைக் (knee) கீழே இறக்கி, ஹெட்டுக்கும் டேபிளுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து, அது பிடிபடும் அளவுக்கு நீயை லேசாக ஏற்றிப் பூட்டுங்கள். அடித்தள மரத்தை டேபிளின் நீளத்துக்கு அகலப்படுத்துங்கள். டேபிளுக்கு அடியில் ஃபோர்க் கொடுத்துத் தூக்கவே கூடாது.

கேள்வி: போன தடவை அனுப்பியது முழுக்கத் துருப்பிடித்துப் போயிற்று. எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றித்தான் அனுப்பினோம். எங்கே தவறு?

பிளாஸ்டிக்கில்தான். பகலில் சூடாகி இரவில் குளிரும் கன்டெய்னரில் காற்றின் ஈரம் கூரையில் நீராகப் படிந்து சொட்டும். கன்டெய்னர் மழை என்பார்கள். சாதாரண பிளாஸ்டிக் மேலிருந்து சொட்டுவதைத் தடுக்கும், ஆனால் உள்ளே மாட்டிய ஈரத்தையும் வெளியே விடாது. அடியில் பச்சை மரம் இருந்தால் அதன் ஈரமும் சேரும்.

இப்படிச் செய்யுங்கள். தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டின் மிச்சத்தைத் துடைத்துக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அதன் மேலேயே எண்ணெய் தடவினால் அடியில் துரு ஓடும். அதன் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள், வியர்வை உப்பு விரல் ரேகையோடு துருவாகப் பதியும். கிரைண்ட் செய்த பரப்புகளில் மெழுகுபோல் படியும் துருத்தடுப்பு பூசுங்கள். மெல்லிய ஸ்ப்ரே எண்ணெய் சில வாரங்களில் வழிந்துவிடும். அதன் மேல் துருவைத் தடுக்கும் ஆவியை வெளியிடும் வி.சி.ஐ. உறை. அதிலிருந்து வரும் ஆவி இரும்பைத் தொட வேண்டும், சுமார் 30 செ.மீ.க்குள் இருந்தால்தான் பலன். நடுவில் வேறு பிளாஸ்டிக் வந்தால் வீண். பித்தளைப் பாகங்கள் இருந்தால் பல உலோகங்களுக்கும் பொருந்தும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் உறிஞ்சும் பைகளை உறையை மூடப்போகும் நிமிடத்தில்தான் பிரிக்க வேண்டும். காலையில் பிரித்து வைத்துச் சாயங்காலம் போட்டால் பட்டறைக் காற்றின் ஈரத்திலேயே பாதி தீர்ந்திருக்கும்.

கேள்வி: மரத்துக்கு முத்திரை வேண்டும் என்கிறார்களே?

வேண்டும். மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கும் சர்வதேச ஐ.எஸ்.பி.எம். 15 விதி. மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் சூடாக்கிய மரத்தில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ஹெச்.டி. என்று முத்திரை இருக்கும். பிளைவுட்டுக்கும் 6 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த தடிமன் மரத்துக்கும் விதி இல்லை. பெட்டி முத்திரையோடு இருக்கும், ஆனால் கன்டெய்னருக்குள் முட்டுக்கொடுக்கக் கடைசி நிமிடத்தில் யாரோ பட்டறை மூலையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துச் செருகியிருப்பார். அந்த ஒரு கட்டைக்காக முழுச் சரக்கும் நிற்கும்.

கேள்வி: 20 அடி கன்டெய்னர் எடுத்துவிட்டோம். ஏற்றும் இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் உண்டு, இறங்கும் இடத்தில் இல்லை. என்ன செய்யலாம்?

இறக்குவதை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ப ஏற்றுங்கள். டிரெய்லர் மேல் நிற்கும் கன்டெய்னரின் தளம் தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் இருக்கும். கன்டெய்னரைத் தரையில் இறக்கி வைக்கும் சைடு லிஃப்டர் லாரி அங்கே கிடைக்குமா என்று இப்போதே கேளுங்கள். கிடைத்தால் பேலட் டிரக்கே பாதி வேலையை முடித்துவிடும்.

உள்ளளவு சுமார் 5.9 × 2.35 மீட்டர், உயரம் 2.39. கதவு உயரம் 2.28 மீட்டர்தான் என்பதைப் பலர் ஏற்றும் நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள். இன்னொரு சிக்கல் இன்னும் அடிக்கடி வரும். நீளமான லேத் பெட்டியை நீளவாக்கில் உள்ளே தள்ளியிருப்பீர்கள், ஃபோர்க் நுழையும் வழியோ நீளப் பக்கத்தில் மட்டும் இருக்கும். கதவிலிருந்து அது எட்டாது. அங்கே இறக்குபவர் கண்ணில் பட்டதில் சங்கிலி மாட்டி இழுப்பார், அது கேரேஜாகவும் இருக்கலாம். ஆகவே அடித்தளத்தின் குட்டைப் பக்கத்திலும் ஃபோர்க் நுழைய வழி வையுங்கள், கட்டை முனைகளைச் சாய்வாகச் சீவுங்கள், இழுக்கும் வளையத்தை அடிக்கட்டையிலேயே போல்ட் போட்டுப் பொருத்துங்கள்.

கன்டெய்னரின் பாதி நீளத்துக்குள் மொத்தப் பாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் குவியக் கூடாது. தரையோர வளையங்கள் ஒவ்வொன்றும் 1,000 கிலோ இழுவிசைக்கானவை. வளையத்தில் கட்டுவது போதாது, சுவருக்கும் அடித்தளத்துக்கும் இடையே மரம் கொடுத்து முட்டுங்கள். 2016 ஜூலை 1 முதல் ஏற்றிய கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையை, அதாவது வி.ஜி.எம்.மை, அனுப்புநர் தராமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். முட்டுக்கட்டையின் எடையும் அதில் சேரும்.

கேள்வி: கப்பல் கம்பெனி பொறுப்பேற்கும்போது தனியாக இன்சூரன்ஸ் எதற்கு?

ஹேக்–விஸ்பி விதிகளின்படி கப்பல்காரரின் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அதுவரைதான். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. உங்கள் 1,100 கிலோவுக்கு 2,200 எஸ்.டி.ஆர். அதுவும் அவர் தவறு என்று நிலைநின்றால். இதைவிட மோசமானது பொதுச் சேதப் பங்கு. கப்பலைக் காப்பாற்றச் செலவோ தியாகமோ செய்தால், சரக்கு பத்திரமாக இருந்தாலும் நீங்கள் பங்கு கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் ரொக்க டெபாசிட் வைத்த பிறகே சரக்கு கிடைக்கும்.

கடல் சரக்கு இன்சூரன்ஸில் 'ஏ' பிரிவு பாலிசி விரிவானது, 'சி' குறைந்தபட்சம். கையாளும்போது கீழே விழுவது 'சி'யில் வராது. பழைய இயந்திரங்களுக்குத் துரு, கீறல், மின் கோளாறு ஆகியவற்றை விலக்கித் தருவது வழக்கம், அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பேக் செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். சரக்கு வந்ததும் பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் ரசீதிலேயே அதை எழுதுங்கள். வெளியே தெரியாத சேதமானால் கப்பல்காரருக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: வெல்டிங் செட்டோடு காஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர் டப்பாக்களையும் போடலாமா?

வேண்டாம். அவை அபாயச் சரக்கு, தனி அறிவிப்பும் ஆவணமும் வேண்டும். அறிவிக்காமல் ஒளித்து வைத்தது பிடிபட்டால் அபராதத்தோடு இன்சூரன்ஸும் கைவிட்டுப் போகும்.

கேள்வி: அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எங்கள் மெஷின் 60 ஹெர்ட்ஸ். ஓடுமா?

ஓடும், ஆனால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக. அதே வோல்டேஜைக் கொடுத்தால் மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்துச் சூடேறும். 60-லிருந்து 50-க்கு வரும்போது வோல்டேஜும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டாரானால் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் வி.எஃப்.டி. ஒன்று போட்டு 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொள்ளலாம். கன்ட்ரோல் பேனலில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்த்தகட்டை மட்டும் இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி அடித்த பிறகு அதைப் பார்க்க வழியில்லை, அங்கே எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது அதைத்தான்.