சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் அதன் கணக்கும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ரேட்டிங் 2500 வந்துவிட்டால் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடலாமா?

பதில்: முடியாது. ரேட்டிங் என்பது வீரரின் பலத்தைக் காட்டும் எண். 2500 ஒரு பாதிதான். கூடவே குறைந்தது 27 ஆட்டங்களுக்கான நார்ம் (ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடியதற்கான அங்கீகாரம்) வேண்டும். ஒன்பது சுற்றுப் போட்டிகளில் எடுத்தால் மூன்று நார்ம். 2500-ஐ ஒருமுறை தொட்டாலே போதும். ஒரு போட்டியின் ஐந்தாம் சுற்று முடிந்ததும் கணக்கு 2500-க்கு வந்து, அடுத்த சுற்றில் தோற்று இறங்கினாலும் அது செல்லும். எடுத்த நார்ம் காலாவதி ஆகாது. அதனால் இரண்டு நார்மோடு பல வருடம் ரேட்டிங்குக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு, 2500 தாண்டியும் கடைசி நார்முக்காக அலைபவர்களும் உண்டு.

கேள்வி: நார்முக்கு எத்தனை புள்ளி எடுக்கவேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: அவரவர் சந்தித்த எதிராளிகளைப் பொறுத்து மாறும் என்பதால்தான். அந்தப் போட்டியில் உங்கள் ஆட்டத்தின் தரம் 2600 என்று கணக்கில் வரவேண்டும். ஒன்பது சுற்றில், எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2380 முதல் 2433 வரை என்றால் 7 புள்ளி. 2434 முதல் 2474 வரை என்றால் 6.5. 2475-லிருந்து 2519 வரை 6. அதற்கு மேல் 2556 வரை 5.5. சராசரி 2380-க்குக் கீழே போனால் நார்மே கிடையாது.

கடைசிச் சுற்றில் இது எப்படி விளையாடும் என்று பாருங்கள். எட்டுச் சுற்றில் 6 புள்ளி, சராசரி 2440. கடைசியில் 2500 ரேட்டிங்காரர் வந்தால் சராசரி 2447 ஆகும், தேவை 6.5, டிரா போதும். அதே இடத்தில் 2250 ரேட்டிங்காரர் வந்தால் சராசரி 2419-க்கு இறங்கும், தேவை 7, ஜெயித்தே ஆகவேண்டும். பலம் குறைந்த எதிராளி வந்தாரே என்று சந்தோஷப்பட முடியாது. இந்தக் கணக்கைப் போடாமல் உட்கார்ந்து, 15-வது நகர்த்தலில் டிராவுக்குக் கை கொடுத்துவிட்டு, பிறகு அரைப் புள்ளியில் நார்ம் போனது தெரிந்து நொந்துபோவது அடிக்கடி நடக்கிறது. ஏழாவது சுற்றிலிருந்தே ஆர்பிட்டரிடம் (போட்டி நடுவரிடம்) கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சொல்வார்கள்.

கேள்வி: என் மகன் போதுமான புள்ளி எடுத்தும் நார்ம் இல்லை என்றார்கள். ஏன்?

பதில்: புள்ளி தவிர வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன. ஒன்பது எதிராளிகளில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டராக இருக்கவேண்டும். பட்டம் பெற்றவர்கள் ஐந்து பேராவது வேண்டும். இதில் கேண்டிடேட் மாஸ்டர் என்ற கீழ்நிலைப் பட்டம் சேராது. வெளிநாட்டு எதிராளிகள் பற்றியும் விதி உண்டு, பெரிய சர்வதேச ஸ்விஸ் போட்டிகளில் (ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சம புள்ளி எடுத்தவர்கள் மோதும் முறை) அது தளர்த்தப்படும். எதிராளி வராமல் கிடைத்த புள்ளியை நார்ம் கணக்கில் ஜெயித்த ஆட்டமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் தடுக்குவது 'மூன்று ஜி.எம்.' (கிராண்ட்மாஸ்டர்) விதிதான். ஸ்விஸ் முறையில் முதல் இரண்டு சுற்றில் சறுக்கினால் நடு மேசைகளில் மாட்டிக்கொள்வீர்கள், அங்கே ஜி.எம். வருவதில்லை. பத்துப் பேர் எல்லோரோடும் எல்லோரும் ஆடும் போட்டியில் இந்தச் சூதாட்டம் இல்லை. சராசரியும் தேவையான புள்ளியும் முதல் நாளே தெரிந்துவிடும்.

நார்ம் கிடைத்தால் தலைமை ஆர்பிட்டர் கையெழுத்திட்ட சான்றிதழை ஊர் திரும்புமுன் வாங்கிவிடுங்கள். பிறகு மின்னஞ்சலில் துரத்துவது பெரிய அவஸ்தை.

கேள்வி: 2410-ல் ஒரு வருடமாக நிற்கிறேன். முன்பெல்லாம் ஒரே போட்டியில் 60 புள்ளி ஏறியது. இப்போது ஏன் நகர மாட்டேன் என்கிறது?

பதில்: உங்கள் ஆட்டம் தேங்கிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருக்கும்போது கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்று தீர்மானிக்கும் எண்) 40. அதன்பின் 20. ஒருமுறை 2400 தொட்டதும் 10, திரும்ப இறங்கினாலும் 10தான். அதே வெற்றிக்கு முன்பு கிடைத்ததில் கால் பங்குதான் இப்போது கிடைக்கிறது. சம ரேட்டிங்காரரை ஜெயித்தால் 5 புள்ளி. 200 குறைவானவரை ஜெயித்தால் 2.4, அவரோடு டிரா செய்தாலோ 2.6 போய்விடும். 2400-லிருந்து 2500-க்குப் போக, சம பலமுள்ளவர்களிடம் தோல்விகளைவிட வெற்றிகள் இருபது அதிகம் வேண்டும்.

அதனால் போட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பிழைப்பு இருக்கிறது. வேகமாக வளரும் சிறுவர்கள் நிறைந்த ஓப்பனில் (யாரும் கலந்துகொள்ளக்கூடிய போட்டியில்) அவர்களின் உண்மையான பலம் ரேட்டிங்கைவிட 150 அதிகமாக இருக்கலாம்; அங்கே போனால் நன்றாக ஆடியும் இறங்குவீர்கள். உங்கள் ரேட்டிங்கை ஒட்டிய சராசரி உள்ள போட்டிகளாகப் பாருங்கள்.

கேள்வி: எந்த வயதுக்குள் ஆகவேண்டும்?

பதில்: வயது வரம்பு கிடையாது. செர்ஜி கார்யாகின் 2002-ல் 12 வயது 7 மாதத்தில் ஆனார். குகேஷ் 2019-ல் அந்தச் சாதனையை 17 நாளில் தவறவிட்டார். 2021-ல் அபிமன்யு மிஸ்ரா 12 வயது 4 மாதம் 25 நாளில் அதை முறியடித்தார். இவற்றை வைத்து உங்கள் பிள்ளையை அளக்கவே அளக்காதீர்கள். தவறவிட்ட குகேஷ்தான் 2024-ல் உலக சாம்பியன்.

கேள்வி: பெண்களுக்கு விதி வேறா?

பதில்: கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு விதி எல்லோருக்கும் ஒன்றே. 1978-ல் நோனா கப்ரிந்தாஷ்விலி அதைப் பெற்ற முதல் பெண். மகளிர் கிராண்ட்மாஸ்டர் என்பது தனிப் பட்டம்: ரேட்டிங் 2300, நார்முக்கு 2400 தரம்.

கேள்வி: ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க நகர்த்தல்கள்) எவ்வளவு படித்தாலும் நடு ஆட்டத்தில் நேரம் போய்விடுகிறது அண்ணா. என்ன தப்பு?

பதில்: என்ஜின் (சதுரங்கக் கணினி நிரல்) சொன்ன வரிசையை 22-வது நகர்த்தல் வரை மனப்பாடம் செய்திருப்பீர்கள். எதிராளி 11-வதிலேயே விலகுவார். அங்கே அரை மணி நேரம் யோசிப்பீர்கள், 33-வதில் கடிகாரம் நெருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் கீழே மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: எந்தக் காயை மாற்றிக்கொண்டால் நமக்கு நல்லது, எந்தச் சிப்பாயைத் தள்ளவேண்டும், எதிராளியின் மோசமான காய் எது. ஆட்ட நாள் காலையில் ஒன்றரை மணி நேரத் தயாரிப்பு போதும். அதற்கு மேல் மூளை களைத்துவிடும்.

மிச்சமாகும் நேரத்தை எண்ட்கேமுக்கு (சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்துக்கு) கொடுங்கள். ரூக் (யானை) எண்ட்கேம்தான் அதிகம் வரும். ஒன்று மட்டும், கட்டங்களின் பெயரோடு காட்டுகிறேன். வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ5, ரூக் எச்7. கறுப்பு ராஜா இ8, ரூக் ஏ6. கறுப்பின் ஆட்டம். ரூக்கை ஆறாவது வரிசையிலேயே இடம் வலமாக நகர்த்திக்கொண்டிருங்கள், வெள்ளை ராஜா முன்னேற முடியாது. சிப்பாய் இ6-க்கு வந்த உடனே ரூக்கை ஏ1-க்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுங்கள். ராஜாவுக்கு ஒளிய இடமில்லை, டிரா. சிப்பாய் வருமுன் அவசரப்பட்டு இறக்கினால் ராஜா சிப்பாய்க்கு முன்னால் போய் ஒளிந்துகொள்ளும்; அதன்பின் டிரா எடுப்பது பெரும்பாடு. நாலு மணி நேரம் ஆடிய களைப்பில், கையில் அரை நிமிடம் இருக்கும்போது இது தானாக வரவேண்டும்.

கேள்வி: பட்டம் வந்தபின் இதை வைத்தே வாழ முடியுமா?

பதில்: பரிசுத் தொகையில் மட்டும் வசதியாக வாழ்பவர்கள் உலகத் தரவரிசையின் உச்சியில் இருக்கும் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் குழு லீக் ஆட்டங்கள், பயிற்சி, பெரிய வீரர்களுக்கு ஓப்பனிங் தயாரித்துக் கொடுக்கும் வேலை, இணையப் பாடம் என்று கலந்துதான் ஓட்டுகிறார்கள். பட்டத்தால் கிடைக்கும் நேரடி லாபம், பல ஓப்பன்களில் நுழைவுக் கட்டணம் இல்லை, சில இடங்களில் தங்குமிடமும் கிடைக்கும். ரேட்டிங் கூடினால் சலுகையும் கூடும். போட்டி அமைப்பாளருக்கு மூன்று நான்கு மாதம் முன்பே எழுதுங்கள். ரேட்டிங், பிறந்த ஆண்டு, அண்மைய முடிவுகள், என்ன சலுகை கேட்கிறீர்கள் என்பதை நாலு வரியில் சொன்னால் போதும். ஜி.எம். இடங்கள் நிறைந்தபின் எழுதினால் பட்டம் இருந்தும் முழுக் கட்டணம்தான்.