கேள்வி பதில்: கனவுல வருமா கண்டுபிடிப்பு?

கேள்வி: பாம்பு தன் வாலையே கடிக்கிற மாதிரி கனவு கண்டுதான் ஜெர்மன் கெமிஸ்ட் கெகுலே, பென்சீன்ல கார்பன் அணுக்கள் வளையமா இருக்குன்னு கண்டுபிடிச்சாராமே, கெமிஸ்ட்களுக்கு ஐடியா எல்லாம் இப்படித்தான் வருமா சார்?

பதில்: அவரு பேப்பர் எழுதினது 1865ல, கனவுக் கதையைச் சொன்னது 1890ல ஒரு பாராட்டு விழாவுல, அதனால அதை எவ்வளவு நம்பலாம்னு இன்னும் சண்டை ஓடுது. எனக்கென்னவோ பிளங்கெட்ங்கிற அமெரிக்க கெமிஸ்ட்டோட கதைதான் பிடிக்கும். 1938, டியூபான்ட் கம்பெனி லேப், சிலிண்டர் வால்வைத் திறந்தா கேஸ் வரல, லீக் ஆயிருச்சுன்னு தூக்கி ஓரமா வைக்காம எடை போட்டுப் பார்த்தா உள்ள ஏதோ இருக்கு, உடனே சிலிண்டரையே அறுத்துட்டாங்க, உள்ள வெள்ளையா வழவழன்னு ஒரு பவுடர், அதான் நான்-ஸ்டிக் தவாவுல பூசுற டெஃப்லான்.

மத்தபடி தினசரி வேலை ரொம்ப சாதாரணம்ங்க. ரியாக்‌ஷன் முடிஞ்சுதான்னு பார்க்க டிஎல்சி (கலவையில இருக்கிறதைத் தனித்தனி புள்ளியா பிரிச்சுக் காட்டுற சோதனை) பிளேட்ல மெல்லிசான குழாயால ஒரு புள்ளி வெச்சு, சால்வென்ட் (கரைக்கிற திரவம்) மேல ஏறுற வரைக்கும் காத்திருந்து, யூவி லைட்டுக்கு அடியில காட்டணும். ஆரம்பப் பொருளோட பழைய புள்ளி அப்படியே நின்னா இன்னும் முடியலன்னு அர்த்தம், புதுசா அஞ்சாறு புள்ளி வந்திருந்தா எதையோ கெடுத்து வெச்சிருக்கோம்னு அர்த்தம். அப்புறம் அதையெல்லாம் பிரிச்சு எடுக்கவே பாதி நாள் போயிரும்!

கேள்வி: பொறுமை இல்லாதவங்க இந்த வேலைக்கு வரலாமா?

பதில்: பிரிட்டிஷ் கெமிஸ்ட் டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை எக்ஸ்ரே படம் எடுத்தது 1935, அந்த மூலக்கூறோட அமைப்பு தெரிஞ்சது 1969. நடுவுல வேற வேலைக்கு 1964லயே நோபல் வாங்கிட்டாங்க. நீங்களே யோசிச்சுக்கோங்க.